கள்வன் தமிழில் பேசுகிறான். காவலன் ஆங்கிலத்தில் எச்சரிக்கிறான்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்வுப் பிரிவில் எழுத்தராகப் பணியாற்றும் ஓர் அம்மையாரை எண்ணிப் பார்க்கலாம். காலை பத்து மணிக்குத் தம் இருக்கையில் அமர்ந்து கணினியைத் திறக்கிறார். மின்னஞ்சற் பெட்டியில் இரண்டு மடல்கள் கிடக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழகத்தின் கணினிப் பணிப்பிரிவு விடுத்தது. நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம், அதுவும் வழக்குமன்றத் தீர்ப்பைப் போன்ற முறுக்கேறிய ஆங்கிலம். மற்றொன்று இரண்டே வரி; நல்ல தமிழ். ‘அம்மா, தங்கள் ஊதியக் கணக்கு இன்று மாலைக்குள் சரிபார்க்கப்படாவிடில் இத்திங்கள் ஊதியம் நின்றுவிடும். கீழுள்ள இணைப்பைத் தொட்டுத் தங்கள் கடவுச்சொல்லை இடுக’ என்பது அது. அம்மையார் முதல் மடலைப் பிறகு பார்க்கலாம் என்று மூடிவிடுகிறார். இரண்டாம் மடல் சொன்னபடி செய்துவிடுகிறார். இரண்டாம் மடல் போன்ற ஒன்று வந்தால் அதற்கு இணங்கலாகாது என்பதுதான் முதல் மடலின் மூன்றாம் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது!

இது புனைந்துரைத்த காட்சியே. ஆனால், இதனைப் படிக்கும் எந்த அலுவலரும் ‘இப்படி நடவாது’ என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலாது. திருடன் தான் ஏமாற்ற விரும்பும் மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டான். காக்க வேண்டியவனோ தான் காக்கும் மக்களின் மொழியை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டின் உயர்கல்வி நிலையங்களில் கணினிக் காவல் என்னும் பெயரால் நடப்பனவற்றின் அடிப்படைக் குறை இதுவே. இதனை வெறும் நுட்பியற் குறை என்று ஒதுக்குவோர் நோயின் வேரை விட்டு இலையைக் கிள்ளுவோரே ஆவர்.

பல்கலைக்கழகப் பணியாளர் ஒருவரின் கடவுச்சொல் அவர் ஒருவருடைய உடைமை மட்டுமன்று. அதன் பின்னே பல்லாயிரம் மாணவரின் மதிப்பெண்கள் இருக்கின்றன. அவர்களின் பிறந்த நாள், சாதிச் சான்று, வைப்பகக் கணக்கு, தொலைபேசி எண், பெற்றோர் வருவாய் ஆகியன இருக்கின்றன. அச்சேறாத வினாத்தாள்கள் இருக்கின்றன. ஒரு பேராசிரியர் இருபதாண்டு உழைத்துத் தொகுத்த ஆய்வுத் தரவுகள் இருக்கின்றன. பழங்காலத்தில் இவையெல்லாம் இரும்புப் பேழையில் பூட்டப்பட்டு, திறவுகோல் பிரிவுத் தலைவரின் இடுப்பில் தொங்கியது. இன்று அத்திறவுகோல் ஒவ்வோர் எழுத்தரின் விரல்நுனிக்கும் வந்துவிட்டது. திறவுகோல் பரவிய அளவிற்குக் காவலறிவு பரவியதா என்பதே வினா.

கடவுச்சொல் என்னும் ஏற்பாடும் அதன் திருட்டும் பல்கலைக்கழக வளாகத்திலேயே உடன்பிறந்தவை என்பதை அறிந்தோர் சிலரே. அமெரிக்காவின் மாசச்சூசெட்டுத் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-இல் ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறை உருவாயிற்று. ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருக்க ஒவ்வொருவர்க்கும் ஒரு கமுக்கச் சொல் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, ஆலன் செர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு வழங்கப்பட்ட கணிப்பொறி நேரம் போதாமையால், கமுக்கச் சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு பொறிக்கு ஒரு வேண்டுகை இட்டார். பொறியும் மறுக்காமல் அச்சிட்டுக் கொடுத்தது! அவர் பூட்டை உடைக்கவில்லை. காவலனிடமே திறவுகோலைக் கேட்டு வாங்கினார். அறுபதாண்டுகளுக்குப் பின்னும் களவின் இயல்பு மாறவில்லை.

1979-இல் இராபர்ட்டு மோரிசு, கென் தாம்சன் என்னும் அறிஞர் இருவர் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டி ஆராய்ந்தனர். அவற்றுள் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கத் தக்கனவாய் இருந்தன. மிகக் குறுகியன, அல்லது அகரமுதலியில் உள்ள சொற்கள், அல்லது பெயர்கள். அவ்வாய்வு வெளியாகி ஒன்பது ஆண்டுகள் சென்று, 1988 நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தாமே பரவும் நிரல் ஒன்றை இணையத்தில் விடுத்தார். அது பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, 432 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கடவுச்சொற்களை ஊகித்துப் பார்ப்பது. அக்காலத்து இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 பொறிகளுள் 6,000 வரை அதனால் முடங்கின என்று கணக்கிடப்பட்டது. அதனை விடுத்த மாணவர் வேறு யாருமல்லர். கடவுச்சொற்களின் நொய்மையை உலகிற்கு உணர்த்திய அதே மோரிசின் மகன். தந்தை எழுதிய எச்சரிக்கையை உலகம் படித்து நடந்திருக்குமாயின் மகனின் நிரல் அவ்வளவு வாயில்களைத் திறந்திராது.

அண்மைக் காலத்திற்கு வருவோர் நெதர்லாந்து நாட்டின் மாசுட்டிரிக்குப் பல்கலைக்கழகத்திற்கு நேர்ந்ததைக் கட்டாயம் கற்றல் வேண்டும். 2019 அக்தோபர் 15, 16 ஆகிய நாள்களில் அங்குள்ள பணிக் கணினிகள் இரண்டில் தூண்டில் மடல்கள் திறக்கப்பட்டன. அன்றைக்கு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. விளக்கு அணையவில்லை, மணி ஒலிக்கவில்லை. ஆனால், அவ்விரு கணினிகளின் வழியே நுழைந்த கயவர்கள் ஒவ்வோர் அறையாகத் தடவிச் சென்றனர். 2017-இல் வெளியான காப்புத் திருத்தம் இடப்படாத வழங்கி ஒன்று அவர்களுக்கு வாய்த்தது. நவம்பர் 21-ஆம் நாள் முழு ஆட்சியும் அவர்கள் கைக்குப் போயிற்று. திசம்பர் 23-ஆம் நாள், ஊரெல்லாம் விடுமுறைக்குப் புறப்பட்ட வேளையில், 267 வழங்கிகளைப் பூட்டி, திறவுகோலுக்கு விலை கேட்டனர். காப்புப் படிகள் சிலவும் அதே வலையமைப்பில் இருந்தமையால் அவையும் உடன் பூட்டப்பட்டன. பல்கலைக்கழகம் 30 பிட்காயின், அஃதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,97,000 யூரோ, கொடுத்துத் தன் உடைமையைத் தானே விலைக்கு வாங்கிற்று.

இங்கு உற்று நோக்கத் தக்கவை மூன்று. முதலாவது, நுழைவிற்கும் பூட்டிற்கும் இடையே இரண்டு திங்களுக்கு மேற்பட்ட காலம் இருந்தது. அக்காலத்தில் யாரேனும் ஒருவர் ‘இம்மடல் ஐயத்திற்குரியது’ என்று தொடர்ந்து குரல் கொடுத்து, அக்குரல் இறுதிவரை துருவி ஆராயப்பட்டிருக்குமாயின் இழப்பைத் தடுத்திருக்கக் கூடும். இரண்டாவது, காப்புப் படி என்பது மூலத்தோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்குமாயின் அது காப்புமன்று, படியுமன்று. மூன்றாவது, அப்பல்கலைக்கழகம் நடந்ததை மறைக்கவில்லை. 2020 பிப்ரவரி 5-ஆம் நாள் கூட்டம் கூட்டி, தன் தவறுகளை அடுக்கி, பிற பல்கலைக்கழகங்கள் கற்கட்டும் என்று வெளியிட்டது. கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் காவல்துறை பின்னர் மீட்டது. பிட்காயின் மதிப்பு உயர்ந்திருந்தமையால் 2022-இல் அப்பகுதியே ஏறத்தாழ ஐந்து நூறாயிரம் யூரோ ஆகியிருந்தது. அதனை இடர்ப்படும் மாணவர்க்குப் பயன்படுத்துவதாக அப்பல்கலைக்கழகம் அறிவித்தது.

ஆத்திரேலிய நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டறிவும் இத்தகையதே. 2018 நவம்பரில் அங்கு உயரலுவலர் ஒருவரின் பெட்டிக்கு வந்த தூண்டில் மடல், எந்த இணைப்பையும் தொடாத நிலையிலேயே, முன்தோற்றத்தில் பார்த்த அளவிலேயே தன் வேலையைச் செய்துவிட்டது. 2019 சூனில் இச்செய்தி வெளியானபோது 19 ஆண்டுத் தரவுகள் போயிருக்கக் கூடும் என்று அஞ்சப்பட்டது. அவ்வாண்டு அக்தோபரில் வெளியிட்ட விரிவான அறிக்கை, எடுக்கப்பட்டவை அதனினும் மிகக் குறைவு என்று கூறிற்று. அவ்வறிக்கையைப் பொதுமக்கள் யாவரும் படிக்கலாம். ஒரு மடலைப் பார்த்த பணியாளரைத் தூக்கிலேற்றி மற்றவர்கள் கைகழுவிக்கொள்ளும் இழிசெயல் அங்கு நடைபெறவில்லை.

கற்றோர் நிறைந்த, பொருள்வளம் மிக்க, தத்தம் மொழியில் ஆட்சி நடத்தும் நாடுகளிலேயே இவை நடந்தன. ஆகவே, ‘தாய்மொழியில் எழுதிவிட்டாற் போதும், களவு ஒழிந்துவிடும்’ என்று எவரேனும் கூறின் அது பேதைமை. தாய்மொழி மந்திரமன்று. ஆனால், விளங்காத மொழியில் எழுதப்பட்ட எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று. கிணற்றருகே ‘இது பாழ்ங்கிணறு’ என்று ஊரார்க்குத் தெரியாத மொழியில் எழுதிவைத்துவிட்டு, விழுந்தவனைப் பார்த்து ‘அறிவிப்பைப் படிக்கவில்லையா’ என்று கேட்பது எத்தகைய அறமாகும்?

தூண்டில் மடலின் உட்பொருளை ஆராய்வார்க்கு இன்னோர் உண்மை புலப்படும். அது நம்பிக்கையைக் கெஞ்சிக் கேட்பதில்லை. அச்சத்தையும் விரைவையும் ஊட்டி, எண்ணும் வேளையைப் பறித்துவிடுகிறது. ‘இருபத்துநான்கு மணிக்குள்’, ‘கணக்கு முடக்கப்படும்’, ‘துணைவேந்தர் உடனே கேட்கிறார்’ என்பன அதன் படைக்கலங்கள். தாய்மொழியில் பேசுவோனின் குரலில் ஓர் இசைகேடு இருப்பின் செவி உடனே கண்டுகொள்ளும். ‘நம் பதிவாளர் இப்படி எழுதமாட்டாரே’ என்று உள்ளம் நெருடும். அயன்மொழியிலோ எல்லாத் தொடரும் ஒரே மாதிரி, எல்லாமே ஆணை, எல்லாமே மேலிடம். முறையான ஆங்கில மடலும் விளங்குவதில்லை, போலி ஆங்கில மடலும் விளங்குவதில்லை என்னும்போது இரண்டையும் வேறுபடுத்திக் காண்பது எவ்வாறு? ஆங்கிலத்தில் வந்த எதற்கும் அடங்கிப் போகுமாறு மூன்று தலைமுறையாகப் பழக்கப்பட்ட அலுவலகம், ஆங்கிலத்தில் வரும் திருடனுக்கும் அடங்கித்தான் போகும். அடிமைப் பழக்கம் கணினிக் காவலின் முதற்பகை என்று துணிந்து கூறலாம்.

‘எழுத்துப் பிழை இருந்தால் அது போலி மடல்’ என்று முன்பெல்லாம் கற்பிக்கப்பட்டது. அந்தப் பாடம் இன்று செல்லாக் காசு. செயற்கை அறிவுப் பொறிகள் பிழையற்ற ஆங்கிலத்தையும் தக்க தமிழையும் நொடியில் எழுதித் தருகின்றன. குரலையே போலியாகப் படைத்துத் தொலைபேசியில் பேசவும் இயலும். களவாளிகள் இவ்வேந்துகளைத் தயங்காமல் எடுத்துக்கொண்டனர். அதே ஏந்துகளைக் கொண்டு அரைப் பக்கத் தமிழ் எச்சரிக்கை ஒன்றை எழுதி ஒவ்வொரு பணியாளர்க்கும் விடுப்பதற்குப் பல்கலைக்கழகங்களுக்கு என்ன தடை?

சொற்களின் ஆற்றலையும் இங்கு ஓர்ந்துணர்தல் வேண்டும். ‘ஓ.டி.பி.’ என்னும் மூன்றெழுத்தை நாட்டில் அறியாதார் இல்லை. அதன் பொருளை அறிந்தாரோ மிகச் சிலர். தொலைபேசியில் ஒருவன் ‘ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள்’ என்றால் சொல்லிவிடுகின்றனர். ஏனெனில், அவ்வொலியில் எந்த எச்சரிக்கையும் இல்லை. அதனையே ‘ஒருமுறைத் திறவெண்’ என்று வழங்கியிருந்தால், ‘உங்கள் வீட்டுத் திறவெண்ணைச் சொல்லுங்கள்’ என்று அயலான் கேட்கும்போது கைப்பேசியைப் பிடித்த கை நடுங்காதா? ‘கடவுச்சொல்’ என்னும் அருமையான சொல், வாயிலைக் கடப்பதற்குரிய சொல் என்று தன்னைத் தானே விளக்குகிறது. ‘தூண்டில் மடல்’ என்றவுடன் புழுவும் முள்ளும் கண்முன் நிற்கின்றன. சொல்லே பாடமாகும் மொழி தமிழ். அதனை விட்டுவிட்டு வெற்றொலிகளைக் கடன் வாங்குவது, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டைக் கூலிக்கு அமர்த்துவதை ஒக்கும்.

நான்கு நூறாயிரத்திற்கும் குறைவான மக்களைக் கொண்ட ஐசுலாந்து நாட்டைப் பார்க்கட்டும். கணிப்பொறி அந்நாட்டிற்கு வந்த 1960களிலேயே, பேராசிரியர் சிகுருதூர் நோர்தால் என்பார் ‘எண்’ என்னும் சொல்லையும் ‘வருவதுரைப்பவள்’ என்னும் பழஞ்சொல்லையும் இணைத்துத் ‘தொல்வா’ என்று பெயரிட்டார். இன்றுவரை அந்நாட்டார் அச்சொல்லையே வழங்குகின்றனர். கடவுச்சொல்லுக்கும் ‘திறவுச்சொல்’ என்னும் பொருளில் தம் மொழிச் சொல்லே அவர்களிடம் உண்டு. எட்டுக் கோடித் தமிழர்க்கு மட்டும் ‘முடியாது’ என்று சொல்வோர், முடியாமையைச் சொல்லவில்லை, விரும்பாமையைச் சொல்கின்றனர்.

‘கணினித் துறையில் தமிழ் ஓடாது’ என்னும் பழைய பாட்டையும் இனிப் பாடற்க. தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு ஏற்றது 1999-இல். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 2001-இல். கைப்பேசிகள் எல்லாம் தமிழில் எழுதுகின்றன, தமிழில் படித்துக் காட்டுகின்றன. கால் நூற்றாண்டாகக் கருவி அணியமாய் இருக்கிறது. கையாள வேண்டிய கைகளே மடிமேல் கிடக்கின்றன.

இனி, பணியாளர் ஒவ்வொருவரும் நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க நெறிகளைத் தெளிவாய்க் கூறுதல் தகும். கடவுச்சொல்லின் வலிமை அதன் நீளத்தில் இருக்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து, தொண்ணூறு நாளுக்கொருமுறை மாற்றவேண்டும் என்னும் நெறியை அமெரிக்கத் தரநிலை நிறுவனத்திற்காக 2003-இல் எழுதிய பில் பர் என்பாரே 2017-இல் அதற்காக வருந்தினார். அத்தகைய கட்டாயம், மக்களை ஒரே சொல்லின் வாலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணைச் சேர்க்கச் செய்ததே கண்ட பயன். 2017-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய நெறி, கடவுச்சொல் களவுபோனதற்குச் சான்று இருந்தாலன்றி மாற்றச் சொல்லி வற்புறுத்தலாகாது என்றும், 64 எழுத்து வரையிலேனும் இடங்கொடுக்க வேண்டும் என்றும், உலக மொழிகளின் எழுத்துகளையும் ஏற்றல் நன்று என்றும் கூறுகிறது. தமிழ் எழுத்துகளும் அவற்றுள் அடங்கும் என்பதைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கணினிப் பிரிவுகள் படித்தறிக.

ஆகவே, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களைக் கோத்து ஒரு தொடராக்கிக் கொள்ளலாம். தமிழ் எழுத்துகளை ஏற்காத இடத்தில் அச்சொற்களையே ஆங்கில எழுத்துகளில் இடலாம். ஆனால், ஒரு செய்தியில் தமிழ்ப் பற்றாளர்கள் தனிவிழிப்போடு இருத்தல் வேண்டும். ‘தமிழ் வாழ்க’ என்பதையோ, தலைவர் பெயரையோ, தம் இதழின் பெயரையோ, யாவரும் அறிந்த குறள் ஒன்றன் முதலடியையோ கடவுச்சொல்லாக வைத்தல் ஆகாது. பற்று வேறு, பூட்டு வேறு. ஒருவரின் கொள்கை ஊரறிந்தது என்றால், அக்கொள்கையால் அமைந்த கடவுச்சொல்லும் ஊரறிந்ததே. ஓரிடத்து வைத்த சொல்லை வேறோரிடத்து வைத்தலும் கூடாது. எங்கோ ஒரு கடைத்தளத்தில் களவுபோன சொல், பல்கலைக்கழக வாயிலையும் திறந்துவிடும். பல சொற்களை நினைவிற்கொள்ள இயலாதார் கடவுச்சொற் பேழை என்னும் மென்பொருளைப் பயன்படுத்துக. இருபடிச் சரிபார்ப்பு கிடைக்கும் இடமெல்லாம் அதனை இயக்கி வைக்க. சொல் களவுபோயினும் இரண்டாம் கதவு நிற்கும்.

இணைப்பின் முகவரியைப் படிக்கும் முறையையும் கற்றல் வேண்டும். அஞ்சல் முகவரியில் ஊர்ப்பெயர் கடைசியில் நிற்பது போல, இணைய முகவரியிலும் உண்மையான ஊர் கடைசியிலேயே நிற்கிறது. தொடக்கத்துள்ள இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதற் சாய்கோட்டிற்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க. இந்தியப் பல்கலைக்கழக முகவரிகள் பெரும்பாலும் ‘ஏசி.இன்’ அல்லது ‘இடியு.இன்’ என்று முடியும். பல்கலைக்கழகத்தின் பெயர் முன்னே பளிச்சென்று நின்று, முடிவு வேறொன்றாயிருப்பின் அது வேற்றூர். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஆரும் என்னும் அடுத்தடுத்து நின்றால் எம் போலத் தோன்றும். தமிழில் முகவரிகள் பெருகும் காலத்தில் இங்கும் அத்தகைய ஏமாற்று வரக்கூடும். ‘க’ என்னும் எழுத்தும் ‘௧’ என்னும் தமிழெண்ணும், ‘எ’ என்னும் எழுத்தும் ‘௭’ என்னும் எண்ணும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. ‘ஔ’ என ஓரெழுத்தாய் எழுதுவதும் ‘ஒள’ என ஈரெழுத்தாய் எழுதுவதும் அத்தகையனவே. தமிழெழுத்தை நன்கறிந்தாரே தமிழ் முகவரியின் போலியைத் தடுக்க வல்லார் என்பதை இதனால் அறிக.

தமிழியக்கத்தார் தம் குறையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒரு பொருளுக்கு ஐந்து பேர் ஐந்து சொல் படைத்து, ஒவ்வொருவரும் தம் சொல்லே சிறந்தது என்று வழக்காடிக் கொண்டிருந்தால், எழுத்தர் அம்மையார் ஐந்தையும் விட்டு ஆங்கில ஒலியையே பற்றிக்கொள்வார். காவற்சொற்கள் சிலவற்றையேனும் ஒருமுகமாக நிலைநாட்டுதல் உடனடித் தேவை. சொல்லழகைவிட உயிர்காப்புப் பெரிது.

சட்டத்தின் துணையும் தமிழர் பக்கம் இருக்கிறது. தமிழே ஆட்சிமொழி என்னும் சட்டம் தமிழ்நாட்டில் 1956-இல் இயற்றப்பட்டது. இந்திய நாடாளுமன்றம் 2023-இல் இயற்றிய தனியாள் தரவுக் காப்புச் சட்டம், தரவு பெற ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை உரியவர்க்குத் தரவேண்டும் என்கிறது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. அதற்குரிய ஒழுங்குமுறைகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன. கணினி ஊடுருவல் நேரின் ஆறு மணிநேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும் என்று நடுவணரசின் கணினி நெருக்கடிக் குழு 2022 ஏப்பிரலில் ஆணையிட்டது. ஆறு மணிநேரம்! எச்சரிக்கை விளங்காத பணியாளர், ‘தவறு செய்தேன் என்றால் வேலை போய்விடுமோ’ என்று அஞ்சி ஆறு நாள் வாய்மூடி இருப்பாராயின், அவ்வாணை ஏட்டுச் சுரைக்காய் அன்றோ?

எனவே, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டுவன இவை. கணினிக் காவல் பற்றிய அறிவிப்புகள் அனைத்தும் முதலில் தமிழில், ஒரு பக்கத்திற்கு மிகாமல் வெளிவருக. ஆங்கிலம் வேண்டுவோர்க்கு அது பின்னே வருக. பேராசிரியர்க்கு மட்டுமன்றி எழுத்தர், ஆய்வக உதவியாளர், நூலகப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் ஆகிய எல்லார்க்கும் ஆண்டிற்கு இருமுறையேனும் தமிழில் பயிற்சி நடைபெறுக. கணினிப் பணிப்பிரிவில் தமிழில் மறுமொழி சொல்லும் தொலைபேசி ஒன்று இருக்க. தம் தவற்றைத் தாமே உடனே அறிவிப்பார்க்கு ஒறுப்பில்லை என்பது எழுத்தில் அறிவிக்கப்படுக. காப்புப் படிகளுள் ஒன்றேனும் வலையமைப்பிற்கு வெளியே வைக்கப்படுக. ஆண்டிற்கொருமுறை அதனை மீட்டெடுத்துப் பார்க்க. திருத்தங்கள் நாள் கடத்தாமல் இடப்படுக. இவற்றுள் எதுவும் கோடிக் கணக்கில் பணம் விழுங்குவதன்று. விழுங்குவது ஆணவத்தை மட்டுமே.

பணியாளர்களும் வாளாவிருத்தல் தகாது. விளங்காத அறிவிப்பு வந்தால் ‘இது விளங்கவில்லை, தமிழில் தருக’ என்று எழுத்தில் கேட்க. அவ்வாறு கேட்பது அறியாமையின் அடையாளமன்று, உரிமையின் குரல். கடவுச்சொல் கேட்டு எவர் மடல் விடுத்தாலும், துணைவேந்தர் பெயரிலேயே வந்தாலும், கொடுக்கற்க. விரைவுபடுத்தும் மடல் எதுவாயினும் அதனை மூடிவிட்டு, தாம் முன்பே அறிந்த எண்ணில் உரியவரை அழைத்து வினவுக. பணம் போய்விட்டால் சிறிதும் தயங்காமல் 1930 என்னும் எண்ணை அழைக்க. முதல் ஒரு மணிநேரம் விலைமதிப்பற்றது. ஏமாந்தவர் நாணுதல் வேண்டா. நாணத் தக்கவன் ஏமாற்றியவனும், விளங்காத மொழியில் எச்சரித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று உறங்கியவனுமே.

கோட்டைக்கு மதில் கட்டியவர் தமிழர்; அகழி தோண்டியவர் தமிழர்; வாயிற் காவலனுக்குக் கமுக்கச் சொல் கொடுத்து நள்ளிரவில் நண்பனையும் பகைவனையும் பிரித்தறிந்தவரும் தமிழரே. அக்காவலன் மக்களின் மொழியில் ‘யார் அங்கே?’ என்று கேட்டான். அதனாலேயே வந்தவனின் குரலில் இருந்த பொய்யைக் கண்டுகொண்டான். இற்றைக் கோட்டை கண்ணுக்குத் தெரியாதது. அதன் வாயிலோ ஒவ்வொரு பணியாளரின் இருக்கையிலும் இருக்கிறது. அவ்வாயிலில் மீண்டும் தமிழ்க் குரல் ஒலிக்கட்டும். தேர்வுப் பிரிவின் அம்மையார் நாளைக் காலை கணினியைத் திறக்கும்போது, கள்வனின் மடலுக்கு முன்னே காவலனின் தமிழ் மடல் காத்திருக்கட்டும்!